இரைச்சலும் வீட்டுக்காரர் நியாயமும்

வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கும், வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் நடுவில் உண்டாகும் தகராறுகளில் வாடகை பாக்கித் தகராறு ஒன்றுதான் கவனிக்கத்தக்கது என்றும், மற்றவையெல்லாம் வெறும் குழாயடிச் சண்டை என்றும் தள்ளிவிடுவது நம் நாட்டில் வழக்கமாக இருந்து வருகின்றது. அப்படித் தள்ளிவிடப்படும் காரியங்களில் ஒன்றுதான் அடுத்த வீட்டு இரைச்சலைப் பற்றிய புகார். இதைப் பற்றி ஒரு பகுத்தறிவுப் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். மனிதனை மனிதன் எப்படி மதிக்கின்றான் என்பது மாநாட்டு மேடையில் தெரிவதைவிட, இரண்டு குடித்தனங்களுக்கு நடுவிலுள்ள ஒரு சுவரில் நன்றாகத் தெரிந்துவிடும் என்பது நமதபிப்பிராயம். ஆதலால் எழுதுகின்றோம்.

இராதாபுரம் தாலூகாவையே எடுத்துக்கொள்வோம். செம்மண்ணும் பனையுமாய் இருந்த இந்தப் பக்கத்தில், 2002-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கட்டடவேலை ஆரம்பித்தது முதற்கொண்டு, வெளியூராரும் வெளிமாகாணத்தாரும் பிழைப்புக்காக வந்து குடியேறியிருக்கின்றார்கள். முன்னெல்லாம் தன் குடும்பத்துக்கென்று ஒரு வீடு கட்டியவர், இப்போது மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று சேர்த்துக் கட்டி வாடகைக்கு விடுகின்றார். திருநெல்வேலிச் சீமையில் பழைய வளவு வீடுகளின் சங்கதியோ எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே முற்றம், ஒரே கிணறு, எதிரும் புதிருமாக ஏழெட்டுக் குடித்தனம். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் "நூறு" என்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் சத்தத்தைப் பற்றிப் புகார் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புகார் வந்தால் வீட்டுக்காரர் என்ன செய்கின்றார்? பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றார். ஒன்று, "என்ன அண்ணாச்சி, நாலு வீடு இருந்தா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும், இதுக்குப் போயி வருத்தப்படலாமா?" என்று சிரித்து அனுப்பி விடுவது. இரண்டு, "ஒமக்குத் தோதுப்படலைன்னா வேற வீடு பாத்துக்கிடும்" என்று புகார் சொன்னவரையே வெளியேறச் சொல்லுவது. மூன்று, இரண்டு குடித்தனத்தில் எந்தக் குடித்தனம் தன் ஜாதி, எது தனக்கு வேண்டியது என்று பார்த்து, மற்றதைக் காலிசெய்யச் சொல்லுவது. முதலாவது சோம்பல், இரண்டாவது அதிகாரம், மூன்றாவது அயோக்கியத்தனம். இம்மூன்றிலும் இல்லாத ஒரு வழி உண்டு என்பதைக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு சங்கதியை வீட்டுக்காரர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். குடியிருப்பவர் மாதம் பிறந்ததும் எண்ணி வைக்கும் பணம் செங்கல்லுக்கும் சிமிட்டிக்கும் மாத்திரம் கொடுக்கும் பணமல்ல. அந்த இடத்தில் படுத்துத் தூங்கவும், பிள்ளை படிக்கவும், நோயாளி கண்ணயரவும் சேர்த்துத்தான் அந்தப் பணம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவிலேயே, வாடகையை ஒழுங்காய்க் கொடுத்து ஒப்பந்தப்படி நடந்து வருபவர் அந்த இடத்தை இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று சொந்தக்காரர் ஒப்புக்கொண்டதாகவே கருதவேண்டும் என்று இருக்கின்றது. ஆகவே புகாரைக் கேட்பது வீட்டுக்காரர் செய்யும் தர்மமல்ல, அவர் வாங்கும் வாடகையில் அடங்கிய வேலை. கை கட்டி நின்று கெஞ்ச வேண்டிய அவசியம் குடியிருப்பவருக்கு இல்லை.

எது இரைச்சல்?

நிற்க, இரைச்சல் என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே ஜாதிச் சரக்கல்ல. அதை நான்காகப் பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் விளங்கும்.

முதலாவது, மனிதர் உயிரோடு இருப்பதனாலேயே உண்டாகும் சத்தம். பச்சைக் குழந்தை இரவில் அழுகின்றது. கிழவர் இருமுகின்றார். காலையில் மாவரைக்கின்றார்கள். வேலைக்குப் போய்த் திரும்பியவர் கதவைத் திறக்கின்றார். இவற்றிற்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது, "நீ ஏன் மூச்சு விடுகின்றாய்?" என்று கேட்பதற்குச் சமானமாகும். இங்கே குற்றம் இருந்தால் அது சுவரின் மேல்தான் இருக்கும்.

இங்கிலாந்து தேசத்தில் இதைப் பற்றியே ஒரு பெரிய வழக்கு நடந்து, 1999-ல் அந்நாட்டு உச்ச நீதி ஸ்தானமாயிருந்த பிரபுக்கள் சபையில் முடிந்தது. லண்டனில் சதர்க், காம்டென் என்னும் இரண்டு நகர சபைகளுக்குச் சொந்தமான வீடுகளில் குடியிருந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பேச்சும் நடமாட்டமும் தங்களுக்கு அப்படியே கேட்கின்றன என்று வழக்காடினார்கள். பக்கத்து வீட்டார் அக்கிரமம் ஒன்றும் செய்யவில்லை. சாதாரணமாக வாழ்ந்துதான் வந்தார்கள். சத்தத்தைத் தடுக்கும் ஏற்பாடு அந்தக் கட்டடத்தில் இல்லை. பிரபுக்கள் குடியிருப்பவர்களின் கஷ்டத்தை ஒப்புக்கொண்டும், சாதாரண வாழ்க்கைச் சத்தத்தைத் தொல்லை என்று சட்டப்படி சொல்ல முடியாது என்றும், பழைய கட்டடத்தைத் திருத்திக் கொடுக்கும்படி சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்த அந்தச் சட்டத்தில் இடமில்லை என்றும் தீர்ப்புச் செய்தார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாததனால் வீட்டுக்காரருக்குப் பொறுப்பில்லை என்று ஏற்படுமா? ஏற்படாது. சட்டத்திற்கு எட்டாத இடத்தில்தான் மனிதனுடைய யோக்கியதை வெளியாகின்றது.

நம் பக்கத்து ஓட்டு வீட்டு வரிசைகள் பலவற்றில், இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழுப்பப்படாமல் ஆள் உயரத்திற்கு மேல் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. மேலே ஏறிக் குதித்து வருகின்றது. அந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்தால் பாதிப் புகார் போய்விடும். சத்தத்தைத் தடுப்பது சுவரின் கனமும் அதில் சந்து இல்லாமையுமே. நாலரை அங்குலச் சுவரைவிட ஒன்பது அங்குலச் சுவர் அதிகம் தடுக்கும். எவ்வளவு கனமான சுவரானாலும் கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் சத்தம் அதன் வழியாய் வந்துவிடும். கிரைண்டரும் தையல் மிஷினும் தரையோடு ஒட்டி அதிர்வதனால்தான் கீழ் வீட்டுக்காரர் தலையில் இடிப்பது போல் இருக்கின்றது. அதன் கால்களுக்கு அடியில் கனமான ரப்பர்த் துண்டுகள் வைத்தால் அதிர்ச்சி பெரும்பாலும் அடங்கும். வீட்டுக்காரருடைய தண்ணீர் மோட்டாரையே குடித்தனக்காரர் படுக்கும் சுவரில் பொருத்தி வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதேயுங்கள்" என்று ஊருக்கு உபதேசம் செய்வதில் என்ன அர்த்தம்?

ஆனால் நமது வீட்டுக்காரர்களில் அனேகர் செய்வது என்ன? "இந்த வளவில் யார் வந்தாலும் சண்டை ஓயமாட்டேன் என்கின்றதே" என்று கவலைப்பட்டு, வாஸ்து பார்ப்பவரிடம் போகின்றார்கள். அவர் வாசற்படி தோஷம் என்கின்றார். உடனே வாசலை இடித்துத் திசை மாற்றிக் கட்டுகின்றார்கள். எலுமிச்சம்பழம் கட்டுகின்றார்கள், பூசணிக்காய் உடைக்கின்றார்கள். இதற்கெல்லாம் பணம் இருக்கின்றது. நடுச்சுவரை நாலு வரி உயர்த்த மாத்திரம் பணம் இருப்பதில்லை! வாசல் தெற்கே பார்த்தால் என்ன, வடக்கே பார்த்தால் என்ன, மேலே திறந்திருக்கும் சுவர் வழியாய்ச் சத்தம் வரத்தானே செய்யும்?

கவலையற்ற சத்தம்

இரண்டாவது, அடுத்தவன் ஒருவன் இருக்கின்றான் என்ற நினைப்பே இல்லாமல் செய்யப்படும் சத்தம். நடு ராத்திரியில் பாட்டுப் பெட்டியை முழு மூச்சில் வைப்பது, மாடியில் கூட்டம் கூடிக் கூத்தடிப்பது, குடியிருப்பதற்கென்று வாங்கிய வீட்டில் பட்டறை நடத்துவது முதலியவை இதில் சேரும். இதற்கு ஒரு அளவு சர்க்காராலேயே ஏற்படுத்தப்பட்டிருக்கின்றது. 2000-ம் வருஷத்து இரைச்சல் மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் மேல் சத்தம் போகக்கூடாது. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒருவருடைய சொந்த இடத்தில் வைத்திருக்கும் ஒலிபெருக்கும் கருவியின் சத்தம், அவர் இடத்து எல்லையில் மேற்படி அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடவே கூடாது.

டெசிபல் என்பதைச் சாதாரண முழக்கோல் போல் நினைத்துவிடக் கூடாது. 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி 10 மடங்காகின்றது. காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தோன்றும். பக்கத்தில் நின்று இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். நல்ல தூக்கத்திற்குப் படுக்கையறையில் இடைவிடாத சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வெளியிட்ட குறிப்பில் சொல்லியிருக்கின்றது. தூக்கம் கெட்டால் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வருவதற்கு இடமுண்டு என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. ஆகவே "சத்தந்தானே, காதைப் பொத்திக்கொண்டு படு" என்பவர், "விஷந்தானே, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி" என்று சொல்லுகின்றவராகின்றார்.

"என் வீட்டில் நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்று சொல்லும் வீரர்கள் சிலர் உண்டு. அலகாபாத் ஐகோர்ட்டில் 1978-ல் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் மேல் மாடியில் ஒரு குடும்பம். கீழே ஒருவர் மாவு மிஷின் வைக்க முற்பட்டார். அது ஏற்கனவே சந்தடியுள்ள இடந்தான். அப்படியிருந்தும், மிஷின் ஓடினால் மேலே குடியிருப்பவர்களின் சுகவாழ்வு கெடும் என்று கோர்ட்டு அதைத் தடுத்துவிட்டது. "ஏற்கனவே சத்தம் இருக்கின்றது, அதோடு இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்" என்ற வாதம் எடுபடவில்லை. தன் எல்லையைத் தாண்டி அடுத்தவனுக்குத் தொல்லையாகும் சத்தத்தைத் தன் சொந்த இடத்தில்கூட உண்டாக்க எவருக்கும் உரிமை இல்லை என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்மானமாய்ச் சொல்லிவிட்டது.

சாமிச் சத்தம்

மூன்றாவது, கடவுள் பேரால் செய்யப்படும் சத்தம். இங்கேதான் நமது வீட்டுக்காரர்களின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுகின்றது. தையல் மிஷின் சத்தத்திற்கு ஓடி வருகின்ற வீட்டுக்காரர், விடியற்காலை 4 மணிக்குப் பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு அலறினால், "சாமி காரியம், நாம் என்ன சொல்ல முடியும்?" என்கின்றார். தையல்காரி வயிற்றுப் பிழைப்புக்காகச் சத்தம் செய்தாள், அது தப்பு. இவர் மோட்சத்திற்காகச் சத்தம் செய்கின்றார், அது சரி. இது எந்த ஊர் நியாயம்? சர்வ வல்லமையுள்ள கடவுளுக்குக் காது மந்தமா என்று கேட்கின்றோம். நினைத்தாலே அறிந்துகொள்ளுவார் என்று சொல்லுகின்ற கடவுளுக்கு ரேடியோ செட்டு எதற்கு?

கடவுளைப் பற்றிய நமது கேள்வியை ஒப்புக்கொள்ளாதவர்கள் சட்டத்தையாவது கேட்கட்டும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு கிறிஸ்தவ ஜெபக் கூடம் இருந்தது. ஒலிபெருக்கியும் மேளமும் கிதாருமாக அங்கு நடக்கும் ஜெபத்தால் தூங்க முடியவில்லை என்று குடியிருப்போர் சங்கம் 1996-ல் புகார் செய்தது. காரியம் ஐகோர்ட்டுக்குப் போய், பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. சிறுபான்மை மதத்தாரைத் தொந்தரவு செய்யவே இந்தப் புகார் என்று சபையார் வாதாடினார்கள். 2000-ம் வருஷம் ஆகஸ்ட்டு 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபம் செய்யும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்றும், ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுவது மத உரிமை ஆகாது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். இலங்கையிலும் 2007-ல் உச்ச நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று மத பேதமின்றி எல்லாருக்கும் உத்தரவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாதாகோவிலையும் மசூதியையும் மாத்திரம் மிரட்டிவிட்டு, நமது ஊர்க் கொடையில் இரவெல்லாம் ஊதும் குழாய்களை மாத்திரம் விட்டுவிடுவோம் என்றால் அது நியாயமல்ல, பச்சைத் துவேஷமே ஆகும். கோவிலுக்கும் 10 மணி, மசூதிக்கும் 10 மணி, மாதாகோவிலுக்கும் 10 மணி. நமது இயக்கப் பொதுக்கூட்டத்திற்கும் அதே 10 மணிதான். பகுத்தறிவைப் பரப்புகின்றோம் என்பதற்காக அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்ப நமக்கு உரிமை வந்துவிடாது. விழாக் காலங்களில் சர்க்கார் விசேஷமாக அனுமதித்தால் வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் இரவு 12 மணி வரை ஒலிபெருக்கலாம் என்று விதி இடங்கொடுக்கின்றது. அதற்கு மேல் எவருக்கும் சலுகை இல்லை.

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடந்து வருகின்றது" என்பார்கள். 1879-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் 20 வருஷத்துக்கு மேலாக உரலில் இடித்து வந்தார். அடுத்த வீட்டு வைத்தியர், தம் தோட்டத்துக் கோடியில் நோயாளிகளைப் பார்ப்பதற்கு ஒரு அறை கட்டினார். இடி சத்தத்தால் நோயாளியைச் சோதிக்க முடியவில்லை. "நான் 20 வருஷமாய் இடிக்கின்றேன்" என்றார் மிட்டாய்க்காரர். அந்த 20 வருஷமும் சத்தம் யாருக்கும் வழக்குக்குரிய தொல்லையாய் இல்லாததால் அது கணக்கில் சேராது என்று சொல்லி, கோர்ட்டு அவர் உரலை நிறுத்தியது. வயிற்றுப் பாட்டுக்கு இடித்தவருக்கே மாமூல் உதவவில்லை என்றால், மோட்சத்துக்கு இடிப்பவருக்கு உதவுமா?

அழுகுரல்

நான்காவதுதான் மிகவும் முக்கியமானது. அது இரைச்சலே அல்ல. ஆனால் நமது வீட்டுக்காரர்கள் அதை இரைச்சல் கணக்கில்தான் எழுதிக்கொள்ளுகின்றார்கள். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடிக்கின்றான், அவள் கத்துகின்றாள். "தினமும் ராத்திரி ஒரே கூச்சல், தூங்க முடியவில்லை" என்று புகார் வருகின்றது. வீட்டுக்காரர் போகின்றார். யாரைக் கண்டிக்கின்றார்? "ஏம்மா, நாலு பேர் இருக்கிற எடத்துல இப்படிக் கத்தலாமா? குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், பொம்பளைதான் பொறுத்துப் போகணும்" என்று அடிபட்டவளைக் கண்டிக்கின்றார். அடித்தவன் கை சத்தம் போடவில்லை, அடிபட்டவள் வாய்தான் சத்தம் போட்டது என்பது இவருடைய நீதி! அடுத்த நாள் அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அடிபடுகின்றாள். வளவில் அமைதி நிலவுகின்றது. வீட்டுக்காரர் புகாரைத் தீர்த்துவிட்டதாகத் திருப்தியடைகின்றார். இந்த அமைதியைவிட எந்த இரைச்சலும் மேலானது என்று சொல்லுகின்றோம்.

2005-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் இரைச்சலைப் பற்றி விரிவான தீர்ப்புச் சொன்னதாக மேலே காட்டினோம். அந்த வழக்கு எப்படி வந்தது தெரியுமா? 13 வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டாள். உதவி கேட்டு அவள் கத்திய கத்தல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்த பாட்டில் மூழ்கிப்போய் யார் காதிலும் விழவில்லை. அந்தப் பெண் பிறகு தீயிட்டுக்கொண்டு செத்தாள். இந்தக் கொடுமையைப் பத்திரிகையில் படித்த ஒருவர் கோர்ட்டுக்குப் போனதிலிருந்துதான் மேற்படி தீர்ப்பு பிறந்தது. இரைச்சலை ஏன் அடக்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? மனிதக் குரல் மனிதக் காதுக்கு எட்டவேண்டும் என்பதற்காகவே வெட்டிச் சத்தத்தை அடக்க வேண்டும். அப்படியிருக்க, வெட்டிச் சத்தத்தை விட்டுவிட்டு, கேட்கப்பட வேண்டிய குரலை அடக்குகின்ற வீட்டுக்காரரை என்னவென்று சொல்லுவது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் ஏற்பட்டு, 2006 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கின்றது. பாதிக்கப்பட்டவள்தான் வந்து சொல்லவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதில் இல்லை. இப்படி நடக்கின்றது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்ல எண்ணத்தோடு கொடுத்தவர் மேல் எந்தப் பொறுப்பும் சாராது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அந்த நிமிஷமே ஆபத்து என்றால் 112-க்குச் செய்யலாம். வாடகை வீடானாலும் அவள் அதில் குடியிருக்க அந்தச் சட்டம் உரிமை கொடுக்கின்றது. ஆகவே "சண்டைக்காரக் குடும்பம்" என்று சொல்லி அந்தக் குடித்தனத்தையே காலிசெய்யச் சொல்லுகின்ற வீட்டுக்காரர், அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே தராசில் வைத்து, அவளைத் தெருவில் தள்ளுகின்றார்.

காதுக்கு ஜாதி உண்டா?

இதுநிற்க, புகார் செய்பவர்களின் யோக்கியதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எல்லாப் புகாரும் காதிலிருந்து வருவதில்லை. சில புகார் ஜாதியிலிருந்து வருகின்றது. "அவர்கள் வீட்டில் ஒரே சத்தம்" என்று ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் கிளறினால், "அவர்கள் சமைக்கின்ற வாடையும் சரியில்லை" என்பார்கள், இன்னும் கிளறினால், "அந்த ஆட்களையெல்லாம் இந்தத் தெருவில் வைக்கலாமா?" என்று உண்மை வெளிவரும். வடநாட்டுத் தொழிலாளர் நாலு பேர் சேர்ந்து தங்கள் பாஷையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே, புரியாத பாஷையாய் இருப்பதனால் அது இரைச்சலாகிவிடுகின்றது. ஒருவனுடைய மேளம் எந்தத் தெருவில் கேட்கலாம், எந்தத் தெருவில் கேட்கக்கூடாது என்பதை ஜாதியால் அளந்த சீமைதான் இது. 1895-ல் கழுகுமலையில் நாடார்கள் தேரோடும் வீதி வழியாய் ஊர்வலம் போகலாமா என்ற தகராறு கலகமாகி உயிர்ச்சேதத்தில் முடிந்ததை நம் சீமையார் மறக்கக்கூடாது. அந்தப் புத்தி இன்று வாடகை வீட்டுக்குள் நுழைந்து, "சத்தம்" என்று முகமூடி போட்டுக்கொண்டிருக்கின்றது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரீட்சை உண்டு. வீட்டுக்காரர் புகார் சொன்னவரை ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதே சத்தம் ஒம்ம மச்சான் வீட்டுல இருந்து வந்தா சொல்லுவீரா?" என்று. பிறகு அதே கேள்வியைத் தன்னையும் கேட்டுக்கொள்ளட்டும். பதில் "சொல்லுவேன்" என்று வந்தால் அது காதுப் புகார், விசாரிக்கத்தக்கது. இல்லையென்றால் அது ஜாதிப் புகார், குப்பையில் போடத்தக்கது.

செய்ய வேண்டியது என்ன?

இனி வீட்டுக்காரர் செய்யவேண்டியதைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றோம்.

முதலாவதாக, புகாரைக் கேட்ட உடனே தீர்ப்புச் சொல்லாமல், எந்தச் சத்தம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டு ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். இரண்டாவதாக, அந்த மணிக்குத் தாமே போய்ப் புகார் சொன்னவர் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பகல் 11 மணிக்குப் போய் "ஒரு சத்தமும் இல்லையே" என்பது விசாரணையாகாது. மூன்றாவதாக, மற்ற குடித்தனக்காரரிடம் தனியாக, பலர் முன்னிலையில் அவமானப்படுத்தாமல் பேசவேண்டும். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். இரவு ஷிப்ட் வேலை முடிந்து வந்தவர் நடு இரவில்தான் குளித்துச் சாப்பிட முடியும். அவர் பகலில் தூங்கும்போது எதிர்வீட்டுப் பிள்ளைகள் கத்தினால் விதிகள் அவருக்கு அதிகமாய் உதவமாட்டா. ஏனெனில் இரவில் தூங்குபவரை நினைத்தே அவை எழுதப்பட்டன. அங்கெல்லாம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்றுதான் மருந்து. நான்காவதாக, சுவரிலோ, கதவிலோ, மோட்டாரிலோ கோளாறிருந்தால் அதை வீட்டுக்காரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, வீடு விடும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கவேண்டும்: இரவு 10 முதல் காலை 6 வரை பாட்டுப் பெட்டி, மேளம், பூஜை மணி உட்பட எந்தச் சத்தமும் அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாதென்று. இந்த வரி எல்லாக் குடித்தனத்திற்கும் ஒன்றாகவும், மாடியிலிருக்கும் வீட்டுக்காரருடைய சொந்தக் குடும்பத்திற்கும் சேர்த்தும் இருக்கவேண்டும். வாடகை கொடுப்பவனுக்கு ஒரு நியாயம், வாங்குபவனுக்கு ஒரு நியாயம் என்பது மனுதர்மத்திற்குத்தான் பொருந்தும்.

இவ்வளவிற்கும் மசியாதவர் இருந்தால் எழுத்து மூலமாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பட்டணங்களில் இருப்போர் முக்கியமாக அறிய வேண்டியது, தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கின்றது என்பதாகும். அதன்படி, பொதுத் தொல்லை உண்டாகும்படி வீட்டைத் தவறாய் உபயோகிப்பவர், நிறுத்தும்படி அறிவிப்புக் கொடுத்த பின்னும் தொடர்ந்தால், வாடகை நீதிமன்றத்தின் மூலம் வெளியேற்றக் கேட்கலாம். ஆனால் தண்ணீரை அடைப்பது, மின்சாரத்தைப் பிடுங்குவது, சாமான்களைத் தூக்கி வெளியே போடுவது முதலிய சண்டித்தனங்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை; அத்தியாவசிய வசதியை நிறுத்தக்கூடாதென்று அதிலேயே தெளிவாக இருக்கின்றது. சத்தம் வெளியாரால் வந்தால் போலீசுக்கு எழுத வேண்டியதே. பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம், 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டுகளுக்கு இருக்கின்றது.

ஆனால் கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி. தமிழர் ஏராளமாய் வாழும் சிங்கப்பூரில், அடுக்கடுக்கான வீடுகளில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து குடியிருக்கின்றார்கள். அண்டை வீட்டுத் தகராறுகளைச் சமாதானமாய்ப் பேசித் தீர்ப்பதற்கென்றே 1998-ல் அங்கு சமூக சமரச நிலையம் ஏற்படுத்தினார்கள். அதிலும் தீராதவற்றிற்காக 2015-ல் தனி நீதிமன்றமே வைத்தார்கள். நம் ஊர்களில் பஞ்சாயத்து என்றால் ஜாதிப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து அபராதம் போடுவதாகத்தான் இருந்து வருகின்றது. அது நமக்கு வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் ஜாதி மதம் பாராத ஆணும் பெண்ணுமாக நாலு பேர், அபராதமும் அதிகாரமும் இல்லாமல் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச முன்வரலாகாதா? நமது இயக்கத் தோழர்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டால், மேடைப் பிரசங்கத்தால் நம்மிடம் வராத மக்கள் இதனால் வருவார்கள்.

"இவ்வளவு பாடுபட்டு வீடு விடவேண்டுமா? ஜாதகம் பார்த்து, ஜாதி பார்த்து, அமைதியான குடித்தனமாய் வைத்துக்கொண்டால் போகின்றது" என்று சில வீட்டுக்காரர் சொல்லலாம். ஜாதகத்தில் குறட்டை எழுதியிருப்பதில்லை. எந்த ஜாதிக் குழந்தையும் பசித்தால் அழத்தான் செய்யும். எந்த ஜாதிப் புருஷனும் பெண்டாட்டியை அடிக்கக் கூடியவனாகவே இருக்கின்றான். ஆகையால் குடித்தனத்தைப் பொறுக்கி எடுப்பதில் செலவழிக்கும் புத்தியை, சுவரை உயர்த்துவதிலும், ஒப்பந்தத்தை ஒழுங்காய் எழுதுவதிலும், இரு தரப்பையும் சமமாய்க் கேட்பதிலும் செலவழிக்கட்டும்.

குடியிருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தூக்கம் உங்கள் உரிமை. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்கும்போது, அடுத்த வீட்டுக்காரனுக்கும் அதே உரிமை உண்டென்பதை மறக்காமல் கேளுங்கள். ஆனால் நடு இரவில் சுவருக்கு அப்பால் ஒரு பெண்ணின் குரல் கேட்டால், அன்றைக்குத் தூக்கம் போயிற்றே என்று வீட்டுக்காரரிடம் புகார் செய்யப் போகாதீர்கள். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.